நடுரோட்டில் நின்ற தலைவர்

அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்திவிட்ட வருடங்களில், சிதம்பரத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த என் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். போக முயன்றேன் என்பதே சரி. பஸ் வரும், நிற்காது. நின்றால் இடம் இருக்காது. இடம் கிடைத்த அன்று வழியில் பழுதாகும். இதைப் பற்றியெல்லாம் கம்பியில் தொங்கிக்கொண்டே பிரசங்கம் செய்வது என் வழக்கம். "நாம யாரும் கேக்கறதில்ல, அதான் இப்டி பண்றானுங்க" என்பேன். கடலூரில் நர்ஸாக இருந்த ஒரு பெண் மட்டும் பொறுமையாகத் தலையாட்டுவார்.

ஒரு நாள் காலை, புதுச்சத்திரம் தாண்டியதும் எங்கள் பஸ் புகை விட்டு நின்றுபோனது. எல்லோரும் இறங்கினோம். பின்னால் வந்த பஸ்கள் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் வேகம் எடுத்தன. கொஞ்ச நேரம் பார்த்த நர்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, தெனம் கேக்கணும் கேக்கணும்னு சொல்றீங்களே, இப்ப கேளுங்களேன்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் நடுரோட்டில் போய்க் கைகளை விரித்து நின்றேன். அடுத்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அதைத் தைரியம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

பஸ் நின்றது. நான் விலகினால் டிரைவர் கிளப்பிவிடுவார் என்று கடைசி ஆள் ஏறும்வரை முன்னாலேயே நின்றேன். பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு படியிலும் கால் வைக்க இடமில்லை.

"சார், நீங்க அடுத்ததுல வாங்க" என்றார் கண்டக்டர்.

"நான்தாங்க இத நிறுத்துனதே."

"அதான் சார், அடுத்ததையும் நீங்களே நிறுத்திக்குங்க."

எப்படியோ ஜன்னலோரம் போய்ச் சேர்ந்திருந்த நர்ஸ் கையை நீட்டினார். "பையையாவது குடுங்கண்ணா, வச்சிக்கிறேன்." பழக்க தோஷத்தில் கொடுத்துவிட்டேன். பஸ்ஸும் போனது, என் மதியச் சாப்பாடும் போனது.

மறுபடி நடுரோட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை. பரங்கிப்பேட்டை மீன் ஏற்றி வந்த ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு நிறுத்தினார். பின்னால், ஐஸ் உருகி வழியும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கடலூர் போய்ச் சேர்ந்தேன். தாமதத்துக்குக் காரணம் கேட்க வாயைத் திறந்த அதிகாரி, மூக்கைப் பொத்திக்கொண்டார். "போங்க. ஜன்னல் பக்கமா ஒக்காருங்க."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நர்ஸ் காலி டப்பாவைக் கொடுத்தார். "கெட்டுப்போயிடுமேன்னு நாங்களே சாப்ட்டுட்டோம்ணா. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி." அன்று சமைத்தவன் நான் என்று சொல்லவில்லை.

அதன்பின் பஸ்ஸில் எனக்குத் தலைவர் என்று பெயர் விழுந்தது. ஆலப்பாக்கத்தில் மறுபடி பஸ் பழுதாகி நின்ற அன்று, "தலைவரே, போய் நில்லுங்க" என்று பல குரல்கள் கேட்டன. நான் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய், எதிர்முனையில் யாருமே இல்லாமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.