ஆஸ்பத்திரி ரயிலில் ஏறி எண்ணூருக்குப் போனோம்

எங்கள் ஜெனிக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டரை வருஷம் வைத்தியம் பார்த்தோம். போன மாதம் டாக்டர், "மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சு, இனிமே மத்த பிள்ளைங்க மாதிரி விடுங்க" என்றுவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான்: கடலில் இறங்கணும். திருவொற்றியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருந்தும் அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. எங்கள் கரையில் கல்லைக் கொட்டி வைத்திருப்பதால் எண்ணூர் முகத்துவாரம் என்று முடிவு. போன ஞாயிறு கிளம்பினோம்: நான், என் வீட்டுக்காரர், ஜெனி, என் பை.

பையில் தெர்மாமீட்டர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், வாய் மூடும் முகத்துணி, ஒரு மஞ்சள் துண்டு. காய்ச்சல் நூறைத் தொட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்பது இரண்டரை வருஷமாக எங்கள் வீட்டுச் சட்டம். கடைக்குப் போனாலும் அந்தப் பை கூட வரும். "இன்னிக்காவது வச்சிட்டு வாயேன்" என்றார் அவர். "பேசாம வாங்க" என்றேன்.

எண்ணூருக்கு டிக்கெட் நாலு ரூபாய், ஜெனிக்கு அரை டிக்கெட். காலை 6.40க்கு வண்டி. ஜன்னல் சீட்டே கிடைத்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. வ.உ.சி. நகர் ஸ்டேஷன் தாண்டியதும் ஜெனி உதட்டைப் பிதுக்கினாள். "மம்மி, இது ஆஸ்பத்திரி ரயில். நான் வரலை."

வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு நடந்த கால் மூன்று பேரையும் எதிர்ப்பக்கம் போகிற பழைய பிளாட்பாரத்துக்கே கொண்டுபோயிருக்கிறது! தண்டையார்பேட்டையில் அவசரமாக இறங்கினோம். படி ஏறும்போதுதான் பார்த்தேன், என் கையில் பை இல்லை. அது வண்டியோடு சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போயிடலாங்க" என்றேன். "அதை நீயே அவகிட்ட சொல்லு" என்றார். ஜெனி படியில் உட்கார்ந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். புது டிக்கெட் எடுத்து 7.20 வண்டியைப் பிடித்தோம், இந்தத் தடவை போர்டை இரண்டு முறை படித்துவிட்டு.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ இருபத்தைந்து ரூபாய். டிரைவர் இறக்கிவிட்டு, "இந்தாண்டயே ஆடுங்க. அந்தாண்ட போனா ஆத்துத் தண்ணி இஸ்துகினு பூடும்" என்றார். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அழகு பார்க்க வருகிற இடமில்லை, ஆனால் கடல் கடல்தானே. ஜெனி அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கினாள். முதல் அலையிலேயே விழுந்து, உப்புத்தண்ணி குடித்து, இருமி, சிரித்து, "இன்னொண்ணு வரட்டும்" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. செல்போனில் எடுத்த படமெல்லாம் கலங்கல்.

முக்கால் மணி நேரம் கழித்து என் முந்தானையால் தலை துவட்டும்போது நெற்றியைத் தொட்டேன். சுட்டது. கை தானாக இடுப்புப் பக்கம் பையைத் தேடியது. பக்கத்தில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், "அக்கா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று கெஞ்சினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஜெனி நெற்றியைத் தொட்டார், அடுத்து என் நெற்றியை. "ஒனக்குத்தான் ஜாஸ்தியா கீது. வெய்யில்ல ஆடிகினு கெடந்த கொயந்த ஜில்லுனா இருக்கும்? நெயல்ல குந்த வையி."

படகு நிழலில் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். சூடு இறங்கிவிட்டது. அதற்குள் ஜெனி ஒரு பொட்டலம் நெத்திலியைக் காலி செய்திருந்தாள். பத்து ரூபாய், காரம் தூக்கல்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்ப் பத்துக்குள் கிளம்பிவிடுங்கள், அப்புறம் மணல் கால் வைக்க விடாது. மாற்று உடை கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. ஏறுவதற்கு முன் எந்தப் பக்கம் போகிற வண்டி என்று யாரையாவது கேளுங்கள், தினமும் போகிறவர்களாக இருந்தாலும்.

மறுநாள் என் வீட்டுக்காரர் பீச் ஸ்டேஷனில் விசாரித்தார். பை பத்திரமாக இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாமாம். "இப்பவே ஓடவா?" என்று போனில் கேட்டார்.

"அவசரமில்லை" என்றேன். "ஞாயித்துக்கிழமை மறுபடி கடலுக்குப் போறதுக்குள்ள அந்தத் துண்டு மட்டும் வந்தா போதும்."