காலையில் போட்ட ராத்திரி மாத்திரை

எனக்குப் புத்தி கலங்குகிறது என்று நானே முடிவு கட்டிய நாட்கள் அவை. வயது ஐம்பத்திரண்டு. தீட்டு நின்று ஒன்றரை வருடம். தூக்கமும் அதோடு போய்விட்டது. உடம்பு குபீரென்று கொதிக்கும், புடவை நனையும், விடியும்வரை கண் மூடாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். சோதனையெல்லாம் முடித்து ஹார்மோன் மருந்து இரண்டு கொடுத்தார். ஒன்று காலையில் கையில் தடவும் ஜெல். மற்றது புரோஜெஸ்டிரோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குக் காவலாம். அதைப் படுக்கப் போகும்போது போடச் சொன்னார்.

எப்படிப் போடுவது? ஹார்மோன் என்றாலே புற்றுநோய்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி என் கணவர் காதில் ஓதியிருந்தாள். அந்தப் பேச்சையே எடுக்காதே என்றுவிட்டார் அவர். எங்களுக்கு ஒரே அறை. தறியும் அதில்தான், பாயும் அதில்தான். மாத்திரையை ஊடை நூல் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். விடிகாலையில் அவர் டீ குடிக்கப் போகும் கால் மணி நேரத்தில் ஜெல்லைத் தடவி, மாத்திரையையும் விழுங்கிவிட்டுத் தறிக்குழியில் இறங்குவேன். ராத்திரி போட்டால் என்ன, காலையில் போட்டால் என்ன, வயிற்றுக்குள் போனால் சரி என்று பெரிய மேதாவி மாதிரி நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள், ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி, எந்த மிதியை மிதிப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் தானாக ஓடிய கால். அவர் வந்து பார்த்தபோது நாலு விரல் அகலத்துக்குத் தப்பாக நெய்திருந்தேன். எப்போது நெய்தேன் என்றே நினைவில்லை.

என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் தறியில் மலைத்து உட்கார்ந்தாள். அப்புறம் எங்களைப் பார்த்து யார் என்று கேட்டாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தப்பாக நெய்த நூலைப் பிரிக்க உட்கார்ந்தார்.

"எனக்கும் புத்தி போவுதுங்க. ஒங்களயே மறந்துட்டாலும் என்னை எங்கியும் உட்டுடாதீங்க" என்றேன்.

உடனே வண்டியில் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரையை எப்போது போடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். என் கணவரை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"அது தூக்கம் வர வைக்கிற மாத்திரைம்மா. அதனாலதான் ராத்திரி போடச் சொன்னேன். காலைல போட்டா தறியில தூங்காம என்ன செய்வீங்க?" என்றார் டாக்டர். புற்றுநோய் பற்றி என் கணவர் கேட்டதற்கும், என் விஷயத்தில் எவ்வளவு பயப்பட வேண்டும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி என் கணவரே மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார். நான் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் பாய் ஓரத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லையா என்று கேட்டேன்.

"நீ பொரளவே இல்ல. மூக்காண்ட கை வெச்சுப் பாத்துக்கினே இருந்தேன். எழுப்பவும் பயமா இருந்துச்சு. முழிச்சு, நீ யாருன்னு கேட்டுடுவியோன்னு."