சரித்திரம் படித்தவனுக்கும் ஓர் இடம் வைத்திருந்தான்

கிருத்திகை தோறும் தாராவியில் கூடிப் பாடும் அன்பர்களே, முருகன் எனக்குச் செய்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

1963 ஆனி மாதம் பி.ஏ. தேறினேன். பாடம் சரித்திரம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர். ரிசல்ட் வந்த அன்று பட்டறை முழுக்கப் பூந்தி கொடுத்தார். அதோடு சந்தோஷம் முடிந்தது.

வாத்தியார் ஆக இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். வக்கீலுக்கு அதற்கு மேலும். போலீசில் மார்பளவு போதவில்லை என்றார்கள். செம்பூர், விக்ரோலி என்று கம்பெனி கம்பெனியாக ஏறினேன். டைப்பிங் தெரியுமா என்பார்கள். தெரியாது. என்ன படித்தாய் என்று இந்தியில் கேட்பார்கள். நான் பதில் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஏன் என்று புரியாது.

பக்கத்து வீட்டு செல்லையா அண்ணன், "ஹிஸ்டரி படிச்சவனுக்கு ராசா வேலைதாம்லே சரிப்படும். அந்த எடம் இப்போ காலி இல்லியே" என்பார். நானும் சிரித்து வைப்பேன். வீட்டுக்குள் வந்து அழுவேன்.

இப்படியே ஏழு மாதம். தை மாதத்தில் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தலை நிமிராமல் கேட்டார்.

"எய்யா, மேஸ்திரி ஒனக்குத் தொட்டியில ஒரு எடம் வச்சிருக்காராம். மாசி ஒண்ணாந்தேதி வரச் சொல்லுதாரு. வாரியா?"

"வாரேம்ப்பா."

அதன்பிறகு அவர் சோற்றில் கை வைக்கவில்லை. எதற்காக அந்தத் தொட்டியில் இத்தனை வருஷம் நின்றாரோ அது வீணாகப் போகிறது.

மாதுங்காவில் ஒரு வாசகசாலை உண்டு. அங்கே பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்தால் என் உடம்பே லேசாகிவிடும். அந்தப் பழுப்புத் தாள்களுக்கு நடுவில் காலம் பூராவும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஏக்கம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். முருகனிடம்கூட வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. "ஏதாவது ஒரு வேலை கொடு" என்றே கேட்டு வந்தேன்.

தைக் கிருத்திகை அன்று நீங்கள் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உள்ளே உடைந்துவிட்டது. "முருகா, இத்தனை நாளும் உன்னிடம் பொய்யாகக் கேட்டேன். எனக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டாம். பழைய எழுத்தோடு இருக்கிற வேலை வேண்டும்" என்றேன். முதல் தடவையாக உண்மையைக் கேட்டேன்.

பிரசாதம் வாங்கும்போது இசக்கிமுத்து அண்ணன் பக்கத்தில் வந்தார். ஃபோர்ட் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் பியூன் அவர். "தம்பி, எங்க ஆபீஸ்ல ஒரு ரூம் நெறைய பழைய காயிதம் கெடக்கு. அடுக்கி எழுதி வைக்க ஆளு தேடுதாவ. நாளைக்கு வாரியா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் போனேன். வயதான மராத்தி அதிகாரி. "க்யா படா ஹை?" என்று கேட்டார்.

"சரித்ர, சாப்."

"சரித்ர? கிஸ்கா?"

பக்கத்தில் இருந்த கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதிகாரிதான் விளக்கினார். இந்தியில் 'சரித்ர' என்றால் ஒழுக்கம், நடத்தை. யாருடைய நடத்தையைப் படித்தாய் என்று கேட்டிருக்கிறார். சரித்திரத்துக்கு அவர்கள் சொல் 'இதிஹாஸ்'. அந்த வார்த்தை என் காதில் விழாமல் இல்லை. நமக்கு இதிகாசம் என்றால் ராமாயணமும் பாரதமும் அல்லவா? அதனால் அதைச் சொல்லாமலே தவிர்த்து வந்திருந்தேன். ஏழு மாதமாக எல்லா இடத்திலும், நான் ஒழுக்கத்தில் பி.ஏ. என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போயிற்று என்று நினைத்தேன். இருந்தாலும் மனசுக்குள் முருகனைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதையெல்லாம் அப்படியே சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு பழைய கடிதத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார்.

"இது எந்த வருஷம் எழுதியது, சார்?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது, சார். காலத்துக்குக் காலமும் மாறும். வருஷம் தெரியாமல் வாசித்தால் தப்பாக வாசிப்பேன்."

அவர் கிளார்க்கைப் பார்த்தார். "காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் மடமடவென்று வாசித்தார்கள். இவன் வருஷம் கேட்கிறான்" என்றார். மாசி பிறக்குமுன் உத்தரவு வந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "பழைய பேப்பர் யாவாரமாலே? அதுக்கா பி.ஏ.?" என்றார். விளக்கினேன். முழுதும் புரிந்ததோ இல்லையோ, சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மேஸ்திரி வீட்டுக்குப் போய், அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு வருஷமாக அந்த அறையில் இருக்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போது முருகன் பெயரைச் சொல்லித்தான் திறக்கிறேன். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து, ஊர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற தம்பிகளே, அடுத்த கிருத்திகைக்கு வாருங்கள். மனசில் இருப்பதைச் சுருக்காமல் அவனிடம் கேளுங்கள். நான் பரீட்சைக்குப் படித்த கோட்டைகளில் ஒன்றையும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அதையும் இப்போது கேட்டு வைத்திருக்கிறேன்.