றவூப் நானாவின் துறப்பணம்

பதுளைக் கடைவீதியில் றவூப் நானாவின் இரும்புக் கடைக்கு நேர் எதிரே மஹ்ரூப் கடை போட்ட நாளிலிருந்து நானாவுக்கு நிம்மதி இல்லை. இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மனிதர் தன் கடையைப் பார்ப்பார், அல்லது வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். நானா தெருவைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆணி நிறுக்கும்போதும் கண் அங்கேதான். தராசு முள் சரியாக நிற்கிறதா என்று வாங்க வந்தவர்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மஹ்ரூப் அப்படியொன்றும் பெரிய முதலாளி அல்ல. வெலிமடைப் பக்கத்திலிருந்து வந்தவர். நானாவைவிட வயதில் இளையவர். பூட்டு, கயிறு, லாம்பு, வாளி என்று நானாவிடம் இருந்த அதே சாமான்கள்தான் அவரிடமும் இருந்தன. ஆனாலும் பூனாகலையிலிருந்து பஸ் ஏறி வருகிற தோட்டத்து ஆட்கள் நானாவின் கடையைப் பார்த்துக்கொண்டே போய் மஹ்ரூப் கடையில் ஏறினார்கள். அந்த மனிதர் வந்தவர்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, இந்த மழைக்கு லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, இன்ன சாமானை எதற்குப் பாவிப்பது என்று வெட்கமே இல்லாமல் கேட்பார். தோட்டத்து ஆட்களும் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு வாளியும் வாங்கிக்கொண்டு போவார்கள். நானாவுக்கு அது கேவலமாகப் பட்டது. முதலாளி என்றால் சொல்ல வேண்டும், கேட்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

கொள்கை அதுவாக இருந்தாலும் நடத்தை வேறு. மஹ்ரூப் கடைப் பலகைகளுக்கு நீலம் அடித்தால் அடுத்த கிழமை நானாவின் பலகைகளும் நீலமாகிவிடும். மஹ்ரூப் ஒரு ரேடியோ வாங்கி வைத்தார். நானா அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி, தெருவே கேட்கும்படி திருகிவிட்டார்.

"நம்மட பலகைக்கு என்ன நிறமெண்டு எதிர்க் கடைக்காரர்தானா சொல்லணும்?" என்று அவர் மனைவி ஸுபைரா ஒருநாள் கேட்டாள்.

"உனக்கு வியாபாரம் தெரியா," என்று நானா வாயை அடைத்துவிட்டார்.

எழுபத்தாறாம் வருஷம் இந்த வயிற்றெரிச்சலுக்கு ஒரு புதிய காரணம் கிடைத்தது. கடைவீதிக்குப் பின்னாலிருந்த சின்னப் பள்ளிவாசலின் நிருவாக சபையில் ஒருவர் மௌத்தாகி, அந்த இடம் காலியாக இருந்தது. யாரைப் போடலாம் என்ற பேச்சில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று றவூப் நானா. மற்றது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குப் புதுக் கதவு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. கதவுக்கான பலகை முழுவதையும் மஹ்ரூப் கொடுத்துவிட்டார். நானாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த இடம் தனக்குத்தான் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று முடிவே கட்டிவிட்டார்.

அந்த நாட்களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்திருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து பங்களாவில் சாமான் ஏலம் என்று கேள்விப்பட்டு மஹ்ரூப் புறப்பட்டார். மஹ்ரூப் புறப்பட்டதைப் பார்த்து நானாவும் கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பங்களாவின் புல்தரையில் கட்டிலும் கதிரையும் கண்ணாடி அலுமாரியும் பனிமூட்டத்தில் நனைந்துகொண்டு கிடந்தன. நானா சாமான்களைப் பார்க்கவில்லை. மஹ்ரூப் எதைப் பார்க்கிறார் என்று பார்த்தார். மஹ்ரூப் ஒரு நீளமான மரப்பெட்டியின் முன்னால் நின்றார். மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒன்றைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அவ்வளவு போதும்! அந்தப் பெட்டி ஏலத்துக்கு வந்ததும் மஹ்ரூப் ஒரு விலை கேட்டார், நானா அதற்கு மேலே கேட்டார். மஹ்ரூப் பக்கத்தில் நின்ற பங்களாச் சமையல்கார அப்புவிடம் குனிந்து ஏதோ குசுகுசுத்தார். ரகசியம் பேசுகிறார்கள், பெரிய சாமான்தான் என்று நினைத்த நானா, தன் விலைக்குத் தானே மேலே போய் இன்னொரு விலை கேட்டார். ஏலக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி நானாவுக்கு விழுந்தது.

மஹ்ரூப் கையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கமாக வந்தார். பங்கு கேட்க வருகிறார் என்று நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

பெட்டியைத் தூக்கிக் கொடுத்த அப்பு, நானாவின் தொப்பியையும் தாடியையும் ஒருமுறை பார்த்தார். "மொதலாளிக்கா இது?" என்றார்.

"ஏன், எனக்கு ஆகாதா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்," என்று அந்த மனிதர் விலகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தார் நானா. துரை ஊர் ஊராகச் சேர்த்த சாமான் போலிருந்தது. எல்லாவற்றிலும் பன்றி வால் போலச் சுருண்ட இரும்புக் கம்பி, முனை கூர்மை. சிலவற்றுக்கு மரப்பிடி, சிலவற்றுக்கு எலும்புப் பிடி. ஒன்றில் பிடியின் ஓரத்தில் சின்ன பிரஷ் இருந்தது. இன்னொன்றைத் திருகத் திருக இரண்டு பக்கமும் இரண்டு கைகள் மேலே எழும்பின. நானா ஒன்றை எடுத்து நிலைப்படியில் வைத்துத் திருகினார். மரத்துக்குள் கொஞ்சம் இறங்கியது. அவர் முகம் மலர்ந்தது.

"துறப்பணம்! மரத்தில ஓட்டை போடுறது. இங்கிலீசுத் துறப்பணம்!"

"அப்ப இந்த பிரஷ் என்னத்துக்கு?" என்றாள் ஸுபைரா.

"மரத்தூள் தட்டுறதுக்கு."

"இந்த ரெண்டு கை?"

"கெட்டியான மரத்துக்கு ரெண்டு பேர் பிடிக்க வேணுமே!"

ஸுபைரா அந்தக் குட்டிக் கைகளைப் பார்த்தாள். "யாருட்டயாவது கேட்டுப் பாருங்களே," என்றாள். இரும்புக் கடைக்காரன் இரும்பைப் பற்றி இன்னொருவனிடம் கேட்பதா? நானா பெட்டியை மூடினார். அதை மூடும்போதே அவருக்கு யோசனை வந்துவிட்டது. மஹ்ரூப் கொடுத்தது வெறும் பலகை. பலகையை வைத்துக்கொண்டு கதவு செய்ய ஆயுதம் வேண்டாமா? ஆயுதத்தை றவூப் கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது பள்ளி முற்றத்தில் மேசை போட்டு, அதன் மேல் அந்தச் சாமான்கள் எல்லாம் துடைத்து எண்ணெய் தடவி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நானா பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். பள்ளியில் தொழுகை நடத்துகிற லெப்பை வந்து பார்த்தார், மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

அங்கே நின்றவர்களில் அது என்னவென்று தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசிக்கத் தொடங்கினார். ஒரு காலத்தில் கொழும்பு ஹோட்டல்களுக்குப் போய் வந்த துணி வியாபாரிக்கு இருமல் வந்துவிட்டது. தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்களே!

"இது என்ன சாமான்?" என்றார் ஒன்றும் அறியாத லெப்பை.

"கதவு வேலைக்கு. இங்கிலீசுத் துறப்பணம்," என்று நானா பெருமையோடு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து அமுக்கித் திருகினார். பலகை தேக்கு. கம்பி வளைந்து நின்றது.

கதவு வேலைக்கு வந்திருந்த தச்சு ஆசாரி கந்தப்பன் தோட்டத்துப் பக்கத்து ஆள். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. "அய்யய்யோ, மொதலாளி, இது தொறப்பணம் இல்லீங்க, இது வந்து..." என்று தொடங்கினார்.

"போத்தல் தக்கை புடுங்குறது," என்று மஹ்ரூப் குறுக்கே விழுந்தார். "பன்னீர்ப் போத்தல் ஈக்கே, அதுட தக்கையும் இதால புடுங்கலாம். நபி பேர்ல மவ்லிது ஓதுற நாள்ல நாம ஆணியால தோண்டித் தோண்டி, தூள் எல்லாம் பன்னீர்ல விழுகுதே. றவூப் நானா நல்ல சாமான்தான் தந்தீக்கிறார்."

முற்றமே மூச்சு விட்டது. கச்சேரிப் பெரியவர் வானத்தை விட்டு இறங்கி வந்து, நல்ல சாமான், மிக நல்ல சாமான் என்றார். லெப்பை நானாவுக்காக துஆ செய்தார். நானா கையேந்தி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

ஆட்கள் கலைந்த பிறகு கந்தப்பன் மெதுவாகக் கிட்ட வந்தார். "மொதலாளி கோவிச்சுக்காதீங்க. இது தொரமாரு வைன் போத்தல் தொறக்குறதுங்க. அந்த மொதலாளி நல்ல மனுசன். ஒங்க மானத்தக் காப்பாத்திட்டாரு."

நானாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மதுப்போத்தல் திறக்கிற சாமானைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததற்காக அல்ல. அதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்துகொள்ளலாம். தன் மானம் மஹ்ரூப் போட்ட பிச்சையாகிவிட்டதே! இனி ஊரெல்லாம் மஹ்ரூப்பின் குணத்தைப் பேசும். நிருவாக சபை இடமும் போச்சு. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தவருக்கு விடியும்போது ஒரு கேள்வி பிடிபட்டது. மஹ்ரூப்புக்கு அது எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வியைத் தங்கத்தைப் போல மடியில் கட்டி வைத்துக்கொண்டார். சபை கூடிய நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மஹ்ரூப்பின் பெயரை ஒருவர் சொன்னதும் நானா எழுந்து நின்றார்.

"ஒண்டு கேக்கணும். அண்டைக்கு நான் கொண்டு வந்த சாமான் பன்னீருக்கு உண்டானதில்ல. வைன் போத்தல் தொறக்குறது. எனக்குத் தெரியா, தெரியாமக் கொண்டு வந்தேன். இவருக்கு எப்பிடித் தெரியும்? எங்க கண்டார்? யாரோட இருந்து தொறந்தார்?"

அவருக்கு மட்டும்தான் அது மஹ்ரூப்பின் மேல் வீசிய கல். கேட்டவர்களுக்கு, தன் தலையில் தானே போட்டுக்கொண்ட கல்லாகத்தான் தெரிந்தது. மூடி மறைத்த மானத்தை அவரே அவிழ்த்துப் போட்டிருந்தார். லெப்பை வாயில் கை வைத்தார்.

மஹ்ரூப்புக்குக் கோபம் வரவில்லை. "நான் கேட்டேன் நானா," என்றார்.

"என்ன கேட்டீங்க?"

"ஏலத்தில விலை கேட்டுட்டு, இது என்ன சாமான் எண்டு அந்த அப்புக்கிட்டக் கேட்டேன். அவர் சொன்னார். நமக்கு எதுக்கு எண்டு விட்டுட்டேன். உங்களிட்டயும் சொல்லத்தான் வந்தேன். நீங்க முகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க."

அவ்வளவுதான் விஷயம். துணி வியாபாரி சிரித்துவிட்டார், அவரைத் தொட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். மஹ்ரூப் சிரிக்கவில்லை. அவரும் சிரித்திருந்தால் நானாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இடம் மஹ்ரூப்புக்குப் போனது. மவ்லிது மாதம் வந்தபோது, பன்னீர்ப் போத்தலை யார் திறப்பது என்ற பேச்சில், சாமான் தந்தவரே திறக்கட்டும் என்று சொன்னதும் மஹ்ரூப்தான். மறுக்க முடியாமல் நானா போய் உட்கார்ந்தார். இரண்டு கை உள்ளதைப் போட்டுத் திருகி, கைகளை அமுக்கினார். தக்கை ஒரு தூள் சிந்தாமல் வெளியே வந்தது. அதிலிருந்து வருஷா வருஷம் அது அவர் வேலையாகிவிட்டது. "நானாட துறப்பணத்தக் கொண்டு வாங்க," என்று சிறிசுகள்கூடச் சொல்லப் பழகிவிட்டார்கள். சபையில் யார் யார் இருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. துறப்பணம் மட்டும் அவர் பெயரில் நின்றது. நீலப் பலகைகளுக்குப் பிறகு இரு கடைகளும் பச்சை அடித்து, பிறகு சாம்பலும் அடித்துவிட்டன.

எண்பத்திரண்டோ எண்பத்துமூன்றோ, ஒரு மவ்லிதில் மஹ்ரூப் அவர் பக்கத்தில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் தாடி நரைத்திருந்தது.

"நானா, தக்கை உடையாம எப்பிடி எடுக்கிற? எனக்கும் காட்டித் தாங்களேன்."

இத்தனை வருஷமாக நானா காத்திருந்த நேரம் அது. மஹ்ரூப் அவரிடம் ஒன்றைக் கேட்கிறார், அதுவும் எல்லோருக்கும் முன்னால். நேராகக் குத்த வேண்டும், அடி வரை இறக்கக் கூடாது என்று நானா காட்டிக் கொடுத்தார். மஹ்ரூப் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க நானாவுக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. தெரியாது என்று சொல்வதற்கு இந்த மனிதருக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வாய் வருகிறது? கடையும் வேண்டாம், சபையும் வேண்டாம், அந்த வாய் தனக்கு இல்லையே என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது.

அவருக்கும் மஹ்ரூப்பிடம் கேட்க ஒன்று இருந்தது. ஆட்கள் ஏன் உங்கள் கடைக்கே வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார். நானா தொண்டையைச் செருமிக்கொண்டு மஹ்ரூப்பின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த போத்தல எடுங்க," என்றார்.