தலையணை ஒன்று

இலங்கைக்குப் போவதென்றால் கடலைத் தாண்டுவதுதான் பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். கடல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு காகிதத்தைத் தாண்ட எனக்குப் பதினெட்டு நாள் பிடித்தது.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மா, நான், என் மனைவி. என் ஒரே தங்கையைக் கண்டியில் கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தோம். கோடை விடுமுறைக்கு இரண்டு பேரும் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள், இங்கே போர்வை இல்லாமல் படுக்க முடியாது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். சித்திரை வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குருவோடு அந்த வரியைப் படித்தவன் வேறென்ன முடிவுக்கு வருவான்? அன்றைக்கே பதில் போட்டேன்.

கடிதத்தோடு மூன்று படிவங்களும் வந்திருந்தன. தலைமன்னார் துறையில் சுங்கத்தாரிடம் கொடுக்க வேண்டியவை. கொண்டுபோகும் சாமான் ஒவ்வொன்றுக்கும் பெயர், எடை, மதிப்பு, யாருடைய உபயோகத்துக்கு என்று நான்கு கட்டம். எல்லாம் இங்கிலீஷில். மூன்று பிரதியும் கையால் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. கடைசியில், மேலே கண்டது அனைத்தும் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்து. அங்கே வந்து எழுத உட்கார்ந்தால் ரயில் போய்விடும், ஊரிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மாப்பிள்ளை எச்சரித்திருந்தார்.

எனக்கு அப்படிப்பட்ட காகிதங்கள் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டம் போட்ட தாளைக் கண்டால் கை துறுதுறுக்கும். ஒரு மாலைப்பொழுது வேலை என்று நினைத்துத்தான் மைக்கூட்டைத் திறந்தேன்.

முதல் நாள் சுண்டைவற்றலில் நின்றது. அதற்கு இங்கிலீஷில் என்ன? என்னிடம் இருந்த அகராதியில் சுண்டைக்காயே இல்லை. மோர்மிளகாய்க்கு நான் எழுதியதை என் மனைவியிடம் தமிழில் திருப்பிச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசியில் தமிழ்ப் பெயரையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, ஸ்டேஷனுக்கு எதிரே கப்பல் சீட்டு வாங்கித் தருகிற ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இது செல்லாது. துரைமாருக்குச் சுண்டைவத்தலத் தெரியுமா? காஞ்ச காயின்னு போடுங்க."

"எந்தக் காய் என்று கேட்டால்?"

"கேட்டா வாயால சொல்லுங்க. எழுத்துல காஞ்ச காயி, அம்புட்டுத்தேன்."

மூன்று பிரதியும் வீண். புதுப் படிவம் அவரிடமே வாங்கினேன். மறுபடி எழுதிக் கொண்டுபோனபோது கடை பூட்டியிருந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிறார், ஏஜெண்டு வண்டி கட்டிக்கொண்டு எதிர்சேவைக்குப் போய்விட்டார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். எப்போது வருவார்? அழகர் மலைக்குத் திரும்பினால் இவரும் திரும்புவார். ஊரே ஆற்றில் நின்றபோது நான் மட்டும் பூட்டின கடை வாசலில் காய்ந்த காய்ப் பட்டியலோடு நின்றேன். அழகர் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

அதற்கு மேல் அம்மா. பட்டியலை முடித்துக் கையெழுத்துக்குப் பேனாவைத் தொடும்போதெல்லாம் ஒரு பொட்டலம் வந்து நிற்கும். "இந்தக் கருப்பட்டியவும் வச்சுக்கய்யா." எழுதினேன். "மாப்ளைக்கு எள்ளுருண்டைன்னா உசுரு." அதையும் எழுதினேன். வரிசை எண் மாறுகிறது, மொத்த எடை மாறுகிறது, மூன்று பிரதியிலும் மாறுகிறது. ஒரு நாள் உலக்கை ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள். கண்டியில் உலக்கை கிடைக்காதா என்று கேட்டேன். நம்ம ஊர் உலக்கை கிடைக்குமா என்று கேட்டாள். நான் அதை எழுதவில்லை. உலக்கை வீட்டிலேயே நின்றது.

பதினான்காம் நாள் வந்த பொட்டலம்தான் சண்டையில் கொண்டுபோய் விட்டது. பழைய துணியில் கட்டி, மேலே நூல் சுற்றியிருந்தது. பிரித்தேன். சுக்கு, திப்பிலி, சதகுப்பை, இன்னும் பெயர் தெரியாத வேர்கள். பேறுகால மருந்து.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தங்கைக்கு அப்போது ஆறு மாதம். மூன்றாவது பிரசவம் அது. அவள் வீட்டில் இன்னும் குழந்தை இல்லை. முதல் இரண்டும் எங்கள் வீட்டில்தான் நடந்தன. முதல் தடவை ஏழாம் மாதமே அம்மா தொட்டில் கட்டக் கயிறு வாங்கி, சின்னச் சின்னச் சட்டையாகத் தைத்து அடுக்கி, சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தை அழவே இல்லை. இரண்டாவது மூன்று நாள் இருந்தது. இந்தத் தடவை கண்டி டாக்டர் தங்கை பயணம் செய்யக் கூடாது என்றுவிட்டார். நீயாவது எங்களோடு வா என்று அம்மாவைக் கூப்பிட்டோம். "நான் வரல. ரெண்டும் என் கண்ணு முன்னாலதான் போச்சு. இதாவது என் கண்ணுல படாமப் பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. தங்கை உண்டாகியிருக்கிறாள் என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பிள்ளைக்கென்று ஒரு முழம் துணிகூட எடுத்து வைக்கக் கூடாது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பேனாவை எடுத்து, "பேறுகால மருந்து, தங்கைக்கு" என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அதை எழுதாத."

"எழுதாமல் கொண்டுபோகக் கூடாது அம்மா."

"கொழம்புக்குன்னு எழுது."

"பொய் எழுதினால் தண்டனை என்று போட்டிருக்கிறான். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்."

"எம் மக வயித்துல இருக்கறது சர்க்காருக்கு எதுக்குடா? எழுத்துல ஏறிருச்சுன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. ரெண்டு தடவை சொல்லித்தான பறிகொடுத்தேன்."

பதினாலு நாள் எரிச்சல் எல்லாம் அப்போது என் வாய்க்கு வந்தது. உன்னால்தான் ஆறு தடவை எழுதினேன் என்றேன். படிக்காத சனங்களோடு மாரடிப்பதே என் தலையெழுத்து என்றேன். உண்மையை எழுத விடு, இல்லையென்றால் ஒன்றுமே அனுப்பாதே என்று கத்தினேன். அம்மா பொட்டலத்தை மறுபடி கட்டி, நூலைச் சுற்றி, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ஜெயித்துவிட்டேன். அன்று சாயங்காலமே பட்டியலைச் சுத்தமாக எழுதி முடித்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா ஒரு தலையணையைக் கொண்டுவந்தாள். இலவம்பஞ்சு அடைத்து, கோடுபோட்ட துணியில் புதிதாகத் தைத்தது. "வண்டியில தலைக்கு வச்சுக்கய்யா. கட்டையில சாஞ்சா உனக்குக் கழுத்து வலிக்கும்." நான் கத்தியதற்குச் சமாதானம் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மூன்று பிரதியிலும் கடைசி வரியாக எழுதினேன்: தலையணை ஒன்று. கையெழுத்துப் போட்டேன்.

மானாமதுரையில் வண்டி மாறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். அந்தத் தலையணையில் நான் தலை வைக்கவே இல்லை; வழியெல்லாம் படிவங்கள் கசங்காமல் இருக்க அதன் மேல்தான் வைத்துக்கொண்டு போனேன்.

தலைமன்னாரில் சுங்க அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர். ஒல்லியான மனிதர். என் பட்டியலைப் பார்த்து, "வடிவான எழுத்து" என்றார். எனக்குப் பதினெட்டு நாள் பாடும் தீர்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்தையும் சரிபார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தலையணையைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"மாஸ்டர், இதுக்குள்ள என்ன கிடக்கு?"

"பஞ்சு."

"பஞ்சு கிலுங்குமோ?"

சின்னக் கத்தியால் தையலைப் பிரித்தார். பஞ்சுக்கு நடுவே ஒரு பழைய சேலை. அம்மா பத்து வருஷமாகக் கட்டித் துவைத்து, கையில் எடுத்தால் வழுக்குகிற அளவுக்கு மெத்தென்று ஆன நூல் சேலை. தொட்டில் கட்ட அதைவிட நல்ல துணி கிடையாது. அதற்குள் ஒரு துண்டு வசம்பு. நான்கு கரு வளையல்கள். பிறந்த குழந்தையின் கைக்கு ஆகிற அளவு.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்தக் கிழவி என்னை மேசை முன்னால் பொய்யனாக்கி நிறுத்திவிட்டாளே! கண்ணில் படக் கூடாது, வாயில் வரக் கூடாது என்றவள், மனசு கேட்காமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். வளையலை வாங்கக் கடைக்குப் போனபோது யாருக்கு என்று கேட்டிருப்பார்களே, என்ன சொல்லியிருப்பாள்?

"பட்டியலில போடேல்லையே மாஸ்டர். கீழ ஒரு வரி சேருங்கோ. ஆருடைய உபயோகத்துக்கு எண்டும் போடுங்கோ."

பேனாவை எடுத்தேன். பழைய சேலை ஒன்று, வேர்த்துண்டு ஒன்று, வளையல் நான்கு. அது வரை சரளமாக வந்தது. நான்காவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கு இங்கிலீஷும் தெரியும். எனக்கு நம்பிக்கையில்லை, எழுத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கை போகவில்லை. பின்னால் ரயில் ஊதியது. மணிக்கட்டில் அம்மாவின் பிடி அப்படியே இருந்தது.

"என் சொந்த உபயோகத்துக்கு" என்று எழுதினேன். மூன்று பிரதியிலும் எழுதினேன். சர்க்காருக்கு நான் எழுத்தில் சொன்ன முதல் பொய் அது.

அதிகாரி படித்தார். ஒரு வளையலை எடுத்துத் தன் விரல்களைக் குவித்து நுழைத்துப் பார்த்தார். பாதி விரலோடு நின்றுவிட்டது. என் கையைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார்.

"மாஸ்டருக்கு நல்ல சின்னக் கை" என்று சொல்லிவிட்டு, மூன்றிலும் முத்திரை குத்தி, ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார். பஞ்சை அவரே உள்ளே திணித்துக் கொடுத்தார்.

கண்டியில் தங்கையிடம் தலையணையைக் கொடுத்து, பிரிக்க வேண்டிய நாளில் பிரித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவள் அதை மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். "அம்மா தச்சதாண்ணே?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஊர் திரும்பியதும் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வீட்டுக்குள் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு நடந்தோம். ஆடியில் தந்தி வந்தது: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். நான் படித்துச் சொன்னதும் அம்மா தலையை ஆட்டிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் உள்ளிருந்து குரல் வந்தது. மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் அம்மா கொஞ்சம் சாப்பிட்டாள்.

முப்பது நாள் கழிந்து பெயர் வைத்தார்கள் என்று கடிதம் வந்த அன்று, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் எதிரே வந்து நின்றாள்.

"அந்தக் காயிதம் எங்கய்யா?"

"எந்தக் காகிதம்?"

"கப்பல்ல குடுத்தியே, அது. முழுசாப் படி."

முத்திரை விழுந்த பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்து, காய்ந்த காயில் தொடங்கி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எள்ளுருண்டை, கருப்பட்டி, தலையணை. கடைசி வரியில் குரலைத் தாழ்த்தினேன். பழைய சேலை ஒன்று, வேர்த்துண்டு ஒன்று, வளையல் நான்கு, என் சொந்த உபயோகத்துக்கு.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"அதை அடிச்சிரு. புள்ளைக்குன்னு எழுது."

"அம்மா, இது முத்திரை விழுந்த காகிதம். அடிக்கக் கூடாது. இனிமேல் இதை எழுதி யாருக்கு ஆகப்போகிறது?"

"உண்மையத்தேன் எழுதணுமின்னு அன்னைக்கு அந்தக் குதி குதிச்சியே. இப்ப எழுதுய்யா. தைரியமா எழுது."

மைக்கூட்டை அவளே எடுத்துவந்து திறந்து வைத்தாள். நான் முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியை அடித்து, மேலே, என் தங்கை மகளுக்கு என்று தமிழிலேயே எழுதினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எது அந்த வரி என்று கேட்டு, விரலை வைத்துக் காட்டச் சொல்லி, குனிந்து, மை காயும் வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.