மாமாவின் மேல் விழுந்த கோடு

தென்னாசியச் சமயங்களைப் பற்றிப் பேசச் சொல்லி ஊர் ஊராக அழைக்கப்படுகிற ஒரு பேராசிரியையை, பத்து வயதில் நான் சிஐடி என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு அவருடைய ஆராய்ச்சிக் கொப்பியிலும் கைவைத்தேன். இரண்டுக்கும் எனக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை.

அப்போது அவர் பேராசிரியை இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த, கண்ணாடி போட்ட, மெலிந்த யாழ்ப்பாணத்துப் பெண். வாரத்தில் மூன்று நாள் கண்டி மஹய்யாவவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு வருவார். அம்மன் திருவிழாவில் யார் என்ன நேர்த்தி வைக்கிறார்கள், யாருக்காக வைக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுவார். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம்.

என் சந்தேகத்துக்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஒன்று, அவர் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றார். சீனி வேண்டாம் என்கிற மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, யாராவது பேச்சை நிறுத்திவிட்டு இருமினாலும் அவருடைய பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. இருமலை எழுதி யாருக்கு அனுப்புவார்?

அடுத்த வீட்டு டெய்லருக்கும் அதே எண்ணம்தான். மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவார். பேச்சு சூடானால் தையலும் கோணும்.

“கேக்குறது தமிழச்சி. தமிழச்சிக்கு அம்மனைத் தெரியாதா? கூழ் ஏன் ஊத்துறீங்க, தீச்சட்டி ஏன் எடுக்குறீங்கன்னு கேக்குறா. தெரிஞ்சுக்கிட்டே ஒருத்தி கேட்டா அதுக்குள்ள வேற என்னமோ இருக்கு.”

“படிப்புக்குண்ணே. புஸ்தகம் எழுதப் போறாங்களாம்” என்றார் அம்மா.

“நம்மளப் பத்தியா? நம்மளப் பத்தி எழுதி யாரு காசு குடுத்து வாங்குவா? தங்கச்சி, நம்ம பேரை எழுதிக்கிட்டுப் போனவன் ஒருத்தன் நமக்கு நல்லது செஞ்சிருக்கானா? மொதல்ல எழுதிக்கிட்டுப் போய் இந்தியாவுக்குன்னு கப்பல்ல ஏத்துனான். அடுத்தாப்புல லிஸ்ட்டைக் கையில வச்சுக்கிட்டு மண்ணெண்ணெயோட...”

“அண்ணே, புள்ள நிக்குது.”

அந்தப் பிள்ளை நான்தான். டெய்லர் சட்டென்று ஊசிக்கு நூல் கோக்க ஆரம்பித்தார். மாநகரசபையில் வேலை பார்த்த அப்பாவுக்கு வேறு கவலை. யாழ்ப்பாணத்துப் பெண் நம் வீட்டில் என்ன செய்கிறாள் என்று பொலிஸ்காரன் கேட்டால் என்ன சொல்வது? ஆக, எங்கள் வரிசையில் மிஸ்ஸைச் சந்தேகிக்காதவர் அம்மா ஒருவர்தான். அதுவே எனக்கு அம்மாவின் மேலும் ஒரு சந்தேகத்தை உண்டாக்கியது.

அம்மாவுக்கு ஒரு தம்பி. கொழும்பில் புடவைக்கடையில் வேலைக்கு நின்றவர். வரும்போதெல்லாம் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளக்கரை முழுக்கச் சுற்றுவார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. இந்தியாவுக்குக் கப்பலில் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னார்கள். நம்புவதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அம்மாச்சியும் அதற்கு முன்பே கப்பலில் போனவர்கள்தான். அவர்களிடமிருந்து கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. கப்பல் என்பது ஆட்களை வாங்கிக்கொண்டு கடிதத்தையும் மெதுவாக நிறுத்திவிடுகிற ஒரு சாமான் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை. அம்மாவும் மிஸ்ஸும் கோயில் பூசாரியைப் பார்க்கப் போனார்கள். மழை தூறியதால் மிஸ் கொப்பியைக் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போனார். எந்த சிஐடியாவது இப்படிச் செய்வானா என்று யோசிக்கிற மூளை எனக்கு இல்லை. நான் அம்பரெல்லாக் காய் அச்சாறு தின்றுகொண்டிருந்தேன். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தேன்.

நடுப்பக்கத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. ஆண்களெல்லாம் முக்கோணம், பெண்களெல்லாம் வட்டம். எல்லோரையும் கோடுகளால் கட்டி, பக்கத்தில் பெயர் எழுதி, கிணற்றுக் கயிறுபோலக் கீழே கீழே இறக்கியிருந்தார். அப்பா ஒரு முக்கோணம். அம்மா வட்டம், அதில் மட்டும் ஒரு நிறப்பென்சில் பொட்டு. அடியில் சின்ன முக்கோணமாக நான். தாத்தாவின் முக்கோணத்தையும் அம்மாச்சியின் வட்டத்தையும் குறுக்கே கோடு போட்டு வெட்டியிருந்தது. மாமாவின் முக்கோணத்தையும் அதே மாதிரி.

விஷயம் விளங்கிவிட்டது. வெட்டுப்பட்ட மூன்று பேரும் கப்பலில் போனவர்கள். ஆகவே இது திரும்பி வரக்கூடாதவர்களின் பட்டியல். டெய்லர் சொன்ன அதே லிஸ்ட். மாமா துறைமுகத்தில் வந்து இறங்கி நிற்பார். ஒரு அதிகாரி இந்தக் கொப்பியை விரித்துப் பார்ப்பான். “உங்க மேல கோடு இருக்கே” என்று அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவான். எனக்கு வியர்த்தது. என் முக்கோணத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தேன். கோடு இல்லை. ஆனால் போடுவதற்குத் தாராளமாக இடம் இருந்தது.

புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று வாங்கிய புது அழிறப்பர் என்னிடம் இருந்தது. பாதி சிவப்பு, பாதி நீலம். தாத்தாவையும் அம்மாச்சியையும் காப்பாற்ற நேரம் போதாது, அவர்களுக்கு வயதும் ஆகிவிட்டது என்று ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதினேன். இன்றும் அந்த இரண்டு பேரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்பதுண்டு. மாமாவின் மேல் இருந்த கோட்டை மட்டும் அழித்தேன். சிவப்புப் பக்கம் போதவில்லை. நீலப் பக்கம் கோட்டோடு கொஞ்சம் தாளையும் தின்றது. பக்கத்தைப் பிடித்துக்கொண்ட கட்டைவிரல் அச்சாற்றோடு அங்கேயே பதிந்தது. அதைத் துடைக்கப் போய் இன்னும் பெரிதாக்கினேன்.

வாசலில் குடை மடக்குகிற சத்தம். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய வீரன், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் பல்லியைப்போல ஒட்டிக்கொண்டான்.

தாள் புரட்டுவது கேட்டது.

“அக்கா, முந்தநாள் நீங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லேக்க நான் ஒரு கோடு போட்டனான். இப்ப அதைக் காணேல்ல.”

“எங்க, காட்டுங்க மிஸ்.”

அம்மா கொப்பியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நான் மூச்சை அடக்கினேன். காலம் முழுக்க அடக்கிவிடலாம் என்றுகூட யோசித்தேன்.

“அன்னைக்குத்தான் மிஸ் மொத தடவையா வாய் தொறந்து சொன்னேன். இவன் அப்பாகிட்டகூட நான் சொன்னதில்ல.”

“ஓம் அக்கா. தெரியும்.” மிஸ்ஸின் குரல் இறங்கியிருந்தது. “திருப்பிப் போடட்டோ?”

அம்மா கொப்பியை மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே டெய்லரின் மெஷின் நின்றிருந்தது.

“வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

அவ்வளவுதான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அடிக்கவில்லை. சிஐடியையே ஏமாற்றிய பயல் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, சுவர்ச் சுண்ணாம்பெல்லாம் முதுகில் ஒட்ட வெளியே வந்தேன்.

அந்த வருடத் திருவிழாவில் அம்மா தீச்சட்டி எடுத்தார். அதற்கு முன் எடுத்ததில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான் குனிந்து படிக்காததால் எனக்காகத்தான் எடுக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பரீட்சையில் தோற்றபோது அம்மனோடு கொஞ்ச நாள் பேசாமலும் இருந்தேன். அம்மா மட்டும் ஒவ்வொரு வருடமும் எடுத்தார், கை நடுங்கிச் சட்டியைப் பிடிக்க முடியாமல் போகும்வரை.

மிஸ் அதற்குள் வெளிநாட்டுக்குப் போயிருந்தார். கலாநிதியானார், புத்தகங்கள் எழுதினார், பேராசிரியையானார். டெய்லர் கடைசிவரை நம்பவில்லை. “இவ்வளவு பெரிய வேலையில இருக்கான்னா, அப்பவே நான் சொன்னது சரிதான்” என்பார்.

போன மாதம் மிஸ் பேராதனைக்குப் பேச வந்திருந்தார். பேப்பரில் பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில், தலையில் பாதி மயிரோடு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. அவரை உலகத்துக்குக் காட்டிய முதல் கட்டுரையைப் பற்றித்தான் பேச்சு. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே வருடாவருடம் நெருப்பு ஏந்திய ஒரு பெண்ணைப் பற்றி. பெயர் சொல்லவில்லை. பிறகு திரையில் ஒரு பக்கம் வந்தது. முக்கோணங்கள், வட்டங்கள். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு, செம்மஞ்சள் நிறத்தில், என் கட்டைவிரல்.

எனக்குப் பழைய வியர்வை அப்படியே திரும்பி வந்தது. இத்தனை பேராசிரியர்கள் முன்னால் கைரேகையோடு மாட்டிக்கொண்ட குற்றவாளி அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான். பக்கத்து மாணவி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

“இந்த முறையில குறுக்குக்கோடு எண்டால் இறந்துபோனவர்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் போட்ட ஒரு கோடு ஒரு நாள் இல்லாமல் போயிட்டுது.”

கூட்டம் கலைந்ததும் கிட்டப் போனேன். யாரென்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“அலுமாரிக்குப் பின்னால நிண்டனீர். இரண்டு காலும் நல்லாத் தெரிஞ்சது.”

“அம்மாவுக்கும் தெரிஞ்சதா மிஸ்?”

“தன்ர பிள்ளையின்ர காலை அவவுக்குத் தெரியாதே? உம்மிட்டக் கேட்டால், அந்தக் கோடு என்னத்துக்கு எண்டும் உமக்குச் சொல்லவேணும் எண்டு யோசிச்சிருப்பா. என்னை வாசலுக்கு வெளியில கூட்டிக்கொண்டுபோய் ஒண்டுதான் சொன்னவ. ‘அவன் மாமன் வருவான்னு நெனக்கிறான் மிஸ். நானும் கொஞ்ச நாளைக்கு நெனச்சுக்கிறேனே.’”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முதல் தீச்சட்டி நினைவுக்கு வந்தது. அம்மா மஞ்சள் சேலையில், வேப்பிலை விரித்த கைகளில் சட்டியோடு, எங்கள் வரிசையைத் தாண்டி வந்தார். வாசலுக்கு வாசல் காலில் மஞ்சள்நீர் ஊற்றினார்கள். நான் பக்கத்திலேயே ஓடினேன். இவ்வளவு பெரிய ரகசியத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருப்பது? அம்மாவின் இடுப்புப் பக்கம் ஒட்டி நின்று, “கவலைப்படாதம்மா, மாமா மேல இருந்த கோட்டை நான் அழிச்சிட்டேன். இனி வந்துருவாரு” என்றேன்.

அம்மா நின்றார். என்னைப் பார்த்தார். அவருடைய உடம்பு முழுவதும் குலுங்க ஆரம்பித்தது, சட்டியிலிருந்து பொறி பறந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது என்று நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.