அடுப்படியில் ஒரு சோதனைக் குழாய்

விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் எங்கள் பூமாரி அக்காவின் மகன் வெள்ளத்துரைக்கு ஐந்து வயதில் முகம் உப்பியது. பிள்ளை சதை போட்டிருக்கிறான் என்று தெருவே மெச்சியது. டாக்டரோ சிறுநீரக நோய் என்றார். மாத்திரை கொடுத்து, உப்பை நிறுத்தச் சொன்னார். தினமும் காலையில் அவன் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்ச வேண்டும். வெள்ளையாகத் திரைந்தால் நோய் தீரவில்லை. நான் கல்லூரியில் படித்த சோதனையை அக்கா அடுப்படியில் செய்தாள்.

ஒருநாள் நான் போயிருந்தபோது குழாய் தெளிவாகவே இருந்தது. அக்கா நம்பவில்லை.

"ஏலே, ஊறுகாய்க்கு ஆசப்பட்டு பானைத் தண்ணிய ஊத்திட்டியா?"

"இல்லம்மா, என்னுதுதான்!"

"எங்க, என் முன்னால மோண்டு காட்டு."

காத்திருந்து பிடித்து, மறுபடி காய்ச்சினாள். திரையவில்லை.

"தெளிஞ்சிட்டு தம்பி!" என்று குழாயை என் மூக்கருகே நீட்டினாள்.

"அப்போ ஊறுகா?" என்றான் வெள்ளத்துரை.

"டாக்டரு சொல்லட்டும், ஊறுகாப் பரணியோட தாரேம்லே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் அக்கா.